எந்த இடத்தில் மூச்சு வாங்கினார் ஜான் மெக்கென்னா? 100 ஆண்டு பழைய இசைத்தட்டும் ஐரிஷ் புல்லாங்குழலும்

ஐரிஷ் நடன இசையில் 'ரீல்' என்று ஒரு வகை உண்டு. நல்ல வேகம். ஒரு சுற்று வாசித்து முடிக்க சுமார் 35 விநாடி ஆகும். அதற்குள் கிட்டத்தட்ட 250 ஸ்வரங்கள் வந்து போய்விடும். நடுவில் ஓய்வு என்று ஒன்றுமே கிடையாது. ஆடுபவர்களின் கால் நிற்கக் கூடாது, அதனால் மெட்டும் நிற்கக் கூடாது. ஃபிடில் வாசிப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை, வில் போய்க்கொண்டே இருக்கும். அக்கார்டியனுக்குத் துருத்தி இருக்கிறது. ஐரிஷ் பைப் வாசிப்பவருக்குக்கூட கக்கத்தில் காற்றுப்பை இருக்கிறது.

புல்லாங்குழல்காரர் என்ன செய்வார்? அவருக்கு இருப்பது ஒரே ஒரு ஜோடி நுரையீரல்தானே!

வழி ஒன்றுதான். ஏதாவது ஒரு ஸ்வரத்தை விட்டுவிட வேண்டும். அந்தக் கண்ணிமைக்கும் இடைவெளியில் மூச்சை இழுத்துக்கொண்டு, அடுத்த ஸ்வரத்தில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு வாங்கும் வித்தை உலகில் வேறு சில ஊதுகுழல் மரபுகளில் உண்டு. ஐரிஷ் புல்லாங்குழலில் அது வழக்கமில்லை. ஸ்வரத்தை விடத்தான் வேண்டும்.

எந்த ஸ்வரத்தை விடுவது? இங்கேதான் ஒரு கலைஞரின் கையெழுத்து தெரிகிறது. மெட்டின் வரி முடியும் இடத்தில் மூச்சு வாங்கினால் வசதிதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அங்கேயே நின்றால் ஓட்டம் துண்டு துண்டாக வெட்டுப்படும். வரியின் நடுவில், யாரும் எதிர்பாராத இடத்தில் ஒரு ஸ்வரத்தை விழுங்கினால், அந்த ஓட்டையே ஒரு தாளமாகிவிடும். அடுத்த சுற்றில் வேறு இடத்தில் விழுங்கினால் அதே மெட்டு வேறு மாதிரி கேட்கும். நல்ல கலைஞர் மூச்சு வாங்குவதை மறைப்பதில்லை. அதையும் சேர்த்தேதான் வாசிக்கிறார்.

இந்த விஷயத்தில் அயர்லாந்தின் வடமேற்குப் பகுதியில் இன்றும் பெயர் சொல்லிப் பேசப்படும் ஒருவர் இருக்கிறார். அவர் இறந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வாழ்நாளில் பெரும்பகுதி அயர்லாந்திலேயே இல்லை என்பது கூடுதல் செய்தி.

யார் இந்த ஜான் மெக்கென்னா?

1880-ல் லீட்ரிம் கவுண்டியில் பிறந்தவர் ஜான் மெக்கென்னா. டார்மன் என்ற ஊருக்குப் பக்கத்தில் 'டென்ட்ஸ்' என்கிற சின்னஞ்சிறு குடியிருப்பு. ஆலன் ஏரியை ஒட்டிய மலைப்பகுதி. மழை ஜாஸ்தி, மண்ணில் வளம் கம்மி. இளைஞர்களுக்கு அந்தக் காலத்தில் தெரிந்த ஒரே வழி கப்பல். மெக்கென்னாவும் 1909-ல் அமெரிக்கா போனார். நியூயார்க்கில் தீயணைப்புப் பணியில் சேர்ந்தார்.

லீட்ரிமைப் பற்றி ஒரு கணக்கு சொன்னால் இந்தக் கதை எந்த மண்ணிலிருந்து வருகிறது என்று புரியும். 1841-ல் அந்தக் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 55 ஆயிரம். அடுத்த சில ஆண்டுகளில் உருளைக்கிழங்குப் பஞ்சம். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாகப் புலம்பெயர்வு. 1996-ல் எண்ணியபோது சுமார் 25 ஆயிரம் பேர்தான் மிச்சம். ஆறில் ஐந்து பங்கு ஆட்கள் காணோம்! பிறகு கொஞ்சம் ஏறி, 2022-ல் சுமார் 35 ஆயிரம் ஆகியிருக்கிறது. அயர்லாந்துக் குடியரசில் மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட கவுண்டி இன்றைக்கும் அதுதான்.

ஆட்கள் போனால் இசையும் கூடவே போய்விடும். எழுதிவைத்த இசை இல்லை இது. அப்பா வாசித்ததைக் கேட்டு மகன், பக்கத்து வீட்டுக்காரர் வாசித்ததைக் கேட்டு இவர் என்று காது வழியாக வந்தது. வாசிப்பவர் கப்பலேறிவிட்டால், அவர் தலைக்குள் இருந்த மெட்டுகளும் அவர் மூச்சு வாங்கும் விதமும் அவரோடு போயிற்று.

மெக்கென்னா விஷயத்தில் மட்டும் அது திரும்பி வந்தது. 1921 முதல் 1937 வரை அவர் நியூயார்க்கில் இசைத்தட்டுகள் பதிவு செய்தார். சில தனியாக, சில பாஞ்சோ வாசித்த மைக்கேல் காஃப்னியோடு, சில ஸ்லைகோ கவுண்டியின் பெரிய ஃபிடில் கலைஞரான ஜேம்ஸ் மாரிசனோடு. மெக்கென்னாவும் மாரிசனும் ஒரே ஆண்டில், 1947-ல் காலமானார்கள்.

ஒரு மரக்குழல் ஏழை வீட்டுக்கு வந்த விதம்

மெக்கென்னா ஊதியது என்ன குழல்? ஐரிஷ்காரர்கள் இதை 'கான்சர்ட் ஃப்ளூட்' என்பார்கள். பெயரைக் கேட்டால் கோட்டு சூட்டு போட்டவர்கள் வாசிக்கும் வெள்ளிக்குழல் என்று தோன்றும். அது இல்லை. இது மரத்தில் கடைந்தது, கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். ஆறு விரல்துளைகள். நம் மூங்கில் குழலைப் போலவே விரல் நேராகத் துளையின் மேலேயே உட்காரும். கூடுதலாகச் சில குழல்களில் எட்டு வரை உலோகக் கீ இருக்கும். பல ஐரிஷ் கலைஞர்கள் அவற்றைத் தொடுவதுகூட இல்லை. சில குழல்களில் கீயே இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குழல் அயர்லாந்தில் பிறந்ததே அல்ல. 19-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டனில் 'ருடால் அண்ட் ரோஸ்' போன்ற பட்டறைகள் ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர்களுக்காகவும் வசதியான வீட்டு மனிதர்களுக்காகவும் செய்த கருவி. அப்போது சார்லஸ் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயக் கலைஞர் பெரிய துளைகள் கொண்ட குழலை ஊதி, அறையே அதிரும்படி வாசித்துப் புகழ்பெற்றிருந்தார். அவரைப் பார்த்துதான் பெரிய துளைக் குழல்கள் இங்கிலாந்தில் பிரபலமாயின.

பிறகு ஜெர்மனியில் தியோபால்ட் போம் என்பவர் வந்தார். 1832-லும் 1847-லும் புல்லாங்குழலின் வடிவமைப்பையே தலைகீழாக மாற்றினார். எல்லாத் துளைகளுக்கும் உலோக மூடி, உள்ளே நேர் உருளை. இன்று உலகம் முழுக்க ஆர்க்கெஸ்ட்ராவில் இருப்பது அவர் செய்ததன் வாரிசுதான். தொழில்முறைக் கலைஞர்கள் மெல்ல மெல்லப் புதுக்குழலுக்கு மாறினார்கள். பழைய மரக்குழல் 'அவுட்டேட்டட்' ஆகி, அடகுக்கடைக்கும் பழைய சாமான் கடைக்கும் வந்து சேர்ந்தது. விலை இறங்கியது. அயர்லாந்தின் விவசாயிகளும் கூலிக்காரர்களும் வாங்கினார்கள். பணக்காரர்கள் கழித்துப்போட்ட சாமான் என்று சொல்லலாம். அதிலிருந்துதான் ஒரு தனி இசை மரபே முளைத்தது.

லீட்ரிமில் இதற்கு ஏற்கெனவே நிலம் பண்பட்டிருந்தது. ஊருக்கு ஊர் ஃபைஃப் என்ற சிறு குழலும் மேளமும் சேர்ந்த பேண்டுகள் இருந்தன. ஊர்வலம், அரசியல் கூட்டம், திருவிழா எல்லாவற்றுக்கும் அதுதான். பள்ளிப் பையன்களுக்கு ஊதத் தெரிந்திருந்தது. மூச்சை அழுத்தி, திறந்தவெளியில் தூரத்துக்குக் கேட்கும்படி ஊதத் தெரிந்திருந்தது.

விரல் பாதி, காற்று பாதி

ஐரிஷ் புல்லாங்குழலைக் கேட்டால் முதலில் காதில் படுவது அலங்காரங்கள்தான். ஒரு ஸ்வரத்தை ஊதிக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு விரலைச் சட்டென்று தூக்கி வைப்பது 'கட்'. கீழே ஒரு துளையைத் தட்டி எடுப்பது 'டேப்'. ஒரே ஸ்வரத்தைக் கட், டேப் இரண்டாலும் மூன்றாக வெட்டி உருட்டினால் 'ரோல்'. மேற்கத்திய செவ்வியல் இசையில் ஸ்வரங்களைப் பிரிக்க நாக்கைப் பயன்படுத்துவார்கள். இங்கே நாக்குக்கு வேலை கம்மி. பைப் வாசிப்பவருக்குக் குழலில் வாய் வைக்கும் வேலையே இல்லை அல்லவா? அவர் விரலால்தான் ஸ்வரங்களைப் பிரித்தாக வேண்டும். அந்தப் பழக்கம்தான் புல்லாங்குழலுக்கும் தொற்றிக்கொண்டது.

ஆனால், விரல் வேலை எல்லாப் பகுதியிலும் ஒரே அளவில் இல்லை. கிழக்கு கால்வே பகுதியில் நிதானமாக, இழைத்து வாசிப்பார்கள். லீட்ரிம், ஸ்லைகோ, ராஸ்காமன் சேரும் மூலையில் கதையே வேறு. அங்கே தாளம் காற்றில் இருக்கிறது. வயிற்றிலிருந்து தம் கட்டி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தள்ளு தள்ளுவார்கள். தொண்டையிலேயே காற்றை வெட்டுவதும் உண்டு. தூரத்திலிருந்து கேட்டால் யாரோ காலால் தரையில் தட்டிக்கொண்டே ஊதுவது மாதிரி இருக்கும்.

மெக்கென்னாவின் பதிவுகளில் கேட்பது அதுதான். அழுத்தம், வேகம், மேலே ஏறும் உற்சாகம். ரீல் மட்டுமல்ல, ஜிக், போல்கா என்று தன் ஊர்ப்பக்கத்து ஆட்டங்களுக்கான மெட்டுகளையும் கூச்சமில்லாமல் தட்டில் ஏற்றினார். ரீல்தான் 'கெத்து', போல்கா கொஞ்சம் பட்டிக்காடு என்று நினைப்பவர்கள் ஐரிஷ் இசை உலகில் இன்றைக்கும் உண்டு. அப்படி நினைப்பவர்கள் மெக்கென்னாவின் போல்காவை ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேசலாம்.

நியூயார்க்கில் ஊதியது லீட்ரிமில் கேட்டது எப்படி?

1916-ல் நியூயார்க்கில் கடை வைத்திருந்தவர் எலன் ஓ'பைர்ன் டிவிட் என்ற ஐரிஷ் பெண்மணி. தன் நாட்டு இசைத்தட்டுகளைக் கேட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், கொடுக்கச் சரக்கு இல்லை. கொலம்பியா நிறுவனத்திடம் போய், ஐரிஷ் கலைஞர்களைப் பதிவு செய்யுங்கள், 500 தட்டுகளை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று உறுதி கொடுத்தார். அக்கார்டியனும் பாஞ்சோவும் சேர்ந்த அந்தத் தட்டு விற்றுத் தீர்ந்தது. புலம்பெயர்ந்தவர்களின் ஏக்கத்துக்கு நல்ல மார்க்கெட் இருக்கிறது என்பது கம்பெனிகளுக்குப் புரிந்துபோயிற்று. அதன் பிறகு வந்த 15 ஆண்டுகளை ஐரிஷ் இசையின் பொற்காலம் என்கிறார்கள். மைக்கேல் கோல்மன், ஜேம்ஸ் மாரிசன், பேடி கில்லோரன் ஆகிய மூன்று ஸ்லைகோ ஃபிடில்காரர்களும் நியூயார்க்கில் பதிவு செய்து புகழ்பெற்றார்கள். புல்லாங்குழலில் அந்த இடம் மெக்கென்னாவுக்கு.

தட்டுகள் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குப் பார்சலில் வந்தன. ஊரில் யாராவது ஒருவர் வீட்டில் கிராமஃபோன் இருக்கும், அங்கே கூட்டம் கூடும். ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். கற்றுக்கொள்ள விரும்புபவர் ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்துக் கேட்க வேண்டியதுதான்.

இந்தத் தட்டுகள் வந்துகொண்டிருந்த காலத்தில் ஊரில் நிலவரம் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். லீட்ரிமின் தெற்கே ஜிம்மி கிரால்டன் என்ற இடதுசாரி, ஊர் மக்களுக்காக ஒரு நடனக்கூடம் நடத்தினார். பாதிரியார்கள் எதிர்த்தார்கள், துப்பாக்கிச்சூடுகூட நடந்தது. 1933-ல் அரசு அவரை, பிறந்த நாட்டிலிருந்தே, அமெரிக்காவுக்கு நாடு கடத்தியது. (இயக்குநர் கென் லோச் 2014-ல் 'ஜிம்மி'ஸ் ஹால்' என்று படமாக எடுத்தது இவர் கதையைத்தான்.) 1935-ல் பொது நடனக்கூடச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஆடக் கூடாது. வீடுகளில் அடுப்பங்கரைத் தரையில் நடந்துகொண்டிருந்த ஆட்டங்கள் பல இடங்களில் நின்றுபோயின. புல்லாங்குழல்காரருக்கு வாசிக்க இடம் குறைந்தது. ஒரு பக்கம் கப்பல், இன்னொரு பக்கம் சட்டம். இடையில் அந்தக் கருப்புத் தட்டுகள்.

நன்மையா, தீமையா?

இசைத்தட்டு மரபைக் காப்பாற்றியது என்று சொல்வது எளிது. பாதி உண்மைதான் அது.

கோல்மனின் ஃபிடில் தட்டுகள் அயர்லாந்து முழுக்கப் பரவியபோது ஒரு விபரீதமும் கூடவே நடந்தது. எங்கேயோ தெற்கில் இருந்த ஒரு கிராமத்துக் கலைஞர், தன் தாத்தா வாசித்த மாதிரி வாசிப்பதை விட்டுவிட்டு, அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்லைகோ பாணியைப் பிடித்துக்கொண்டார். தட்டில் இருப்பதுதான் சரி, நாம் வாசிப்பது தப்பு என்ற எண்ணம் வந்துவிட்டது. ஒரு பெரிய கலைஞரைக் கொண்டாடப் போய், பத்துப் பதினைந்து சின்னக் கலைஞர்களின் பாணி காணாமல் போயிற்று. அவர்கள் பெயர்கூட எந்தத் தட்டிலும் இல்லை.

மெக்கென்னா விஷயத்தில் இது வேறு மாதிரி வேலை செய்தது. அவரது தட்டுகள் கோல்மன் அளவுக்கு நாடு முழுவதையும் விழுங்கவில்லை. தன் சொந்த மூலையில்தான் அவை ஆழமாக வேர்விட்டன. பக்கத்து வீட்டுப் பையன் அமெரிக்கா போய்த் தட்டு போட்டிருக்கிறான், அதில் நம் ஊர் மெட்டு இருக்கிறது! அந்த வட்டாரத்துக்கு அது பெரிய தைரியத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அரிக்னா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த பேக்கி டுயிக்னன் (1922–1992) அந்தப் பாணியின் முக்கியக் கண்ணி. 1978-ல் ஃபிடில்காரர் சீமஸ் ஹோரனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆல்பத்தில் அதே அழுத்தம், அதே ஊர்வாசனை. சுரங்கத்தில் நிலக்கரித் தூசியைச் சுவாசித்த ஒருவர் மூச்சை மூலதனமாகக் கொண்ட இந்தக் கருவியை ஊதினார் என்பதை நினைத்தால் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ராஸ்காமனில், பாலிஃபார்னன் ஊருக்கு அருகில் ஜோசி மெக்டெர்மட் (1925–1992). புல்லாங்குழல், விசில், சாக்ஸஃபோன், பாட்டு எல்லாம் கை வந்தவர். 1960-களில் பார்வையை இழந்தார், வாசிப்பதை விடவில்லை. அவர் பெயரிலும் ஒரு விழா உண்டு. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கீடூ என்ற ஊருக்குப் பக்கத்தில்தான் 1738-ல் இறந்த பார்வையற்ற ஹார்ப் மேதை டர்லஃப் ஓ'கரோலனின் கல்லறை. கீடூவில் அவருக்கும் விழா எடுக்கிறார்கள். முன்னோடிகளைக் கொண்டாடுவதில் அந்த வட்டாரத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

தட்டு எந்த வேகத்தில் சுழன்றது?

இப்போது சிக்கலான விஷயத்துக்கு வருவோம். மெக்கென்னாவை மதிக்கும் ஒரு இளம் கலைஞர் அவர் பதிவுகளைக் கேட்டு, அப்படியே ஊதிப் பழகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்பது மெக்கென்னாவைத்தானா?

78 சுற்று என்று பெயரே தவிர, அந்தக் கால ரெக்கார்டிங் கருவிகள் எல்லாம் துல்லியமாக 78-ல் ஓடியதில்லை. பதிவு செய்த வேகத்தைவிட 6 சதவீதம் வேகமாகத் தட்டைச் சுழலவிட்டால் சுருதி கிட்டத்தட்ட அரை ஸ்வரம் ஏறிவிடும், ஓட்டமும் அதே அளவு வேகமாகிவிடும். வீட்டு கிராமஃபோனோ சாவி கொடுத்து ஓட்டுவது. சாவி தளரத் தளர வேகம் குறையும். ஒருவர் கேட்டது வேகமான மெக்கென்னாவை, இன்னொருவர் கேட்டது சோம்பல் மெக்கென்னாவை! பிற்காலத்தில் பழைய தட்டுகளைச் சுத்தம் செய்து மறுவெளியீடு செய்தவர்கள், கருவி எந்தச் சுருதியில் இருந்திருக்கும் என்று கணித்து வேகத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அயர்லாந்து வானொலியின் ஹாரி பிராட்ஷா இந்த வேலையில் பெயர் வாங்கியவர். அவரைப் போன்றவர்களின் பொறுமை இல்லாவிட்டால் அந்தத் தலைமுறையின் இசை இவ்வளவு தெளிவாக நமக்குக் கிடைத்திருக்காது.

1925-க்கு முந்தைய பதிவுகளில் மைக் கிடையாது. ஒரு பெரிய தகரக் கூம்புக்கு முன்னால் நின்று ஊத வேண்டும். அந்தக் கூம்பு சில ஒலிகளை வாங்கும், சிலவற்றை விழுங்கிவிடும். மூன்று நிமிட எல்லை வேறு. நடன வீட்டில் ஒரு மெட்டை ஆட்டம் முடியும்வரை வாசிப்பார்கள். தட்டில் இரண்டு மூன்று சுற்றிலேயே அடுத்த மெட்டுக்குத் தாவியாக வேண்டும். ஆக, தட்டில் இருப்பது ஒரு நாள், ஒரு அறையில், ஒரு கூம்புக்கு முன்னால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஊதிய மூன்று நிமிடம். மறுநாள் கேட்டிருந்தால் அவரே வேறு மாதிரி ஊதியிருப்பார். ஐரிஷ் இசையில் ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்றை மாற்றுவதுதான் இலக்கணமே.

மூச்சு விஷயம் இன்னும் நுட்பம். தட்டு கீறும் இரைச்சலில் மூச்சு வாங்கும் ஒலி பெரும்பாலும் அமுங்கிப்போகும். இருக்க வேண்டிய ஸ்வரம் இல்லாமல் போகும் இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்து, அதே இடத்தில் நாமும் மூச்சு வாங்கினால் பாணி கைக்கு வந்துவிடுமா? பாதி வரும். ஒரு தீயணைப்பு வீரரின் நுரையீரல் அளவும், 16 வயதுப் பெண்ணின் நுரையீரல் அளவும் ஒன்றல்ல. அவர் ஒரே தம்மில் கடந்த வரியை இவர் இரண்டாக உடைத்தாக வேண்டும். எங்கே உடைப்பது என்று தீர்மானிக்கும் அந்த நொடியில், நகலெடுப்பவர் தன் சொந்த இசையைத் தொடங்கிவிடுகிறார். அவருக்கே அது தெரியாமல்கூட இருக்கலாம்.

மூன்று வழிகள்

அடுத்தடுத்த தலைமுறைகள் இந்தக் கடனை ஒரே மாதிரி அடைக்கவில்லை. 1947-ல் ராஸ்காமனின் பாலஹடரீனில் பிறந்த மேட் மல்லாய், அப்பாவும் தாத்தாவும் புல்லாங்குழல்காரர்களாக இருந்த வீட்டில் வளர்ந்தவர். அவர் பைப் இசையின் விரல் நுணுக்கங்களைக் குழலுக்குக் கொண்டுவந்து, வழவழப்பான, அசாத்திய வேகமுள்ள ஒரு புதுப் பாணியை உருவாக்கினார். போத்தி பேண்டிலும், 1979 முதல் சீஃப்டன்ஸ் குழுவிலும் உலகம் சுற்றினார். இன்று ஐரிஷ் புல்லாங்குழல் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது அவர் ஒலிதான். கோல்மன் தட்டுகள் ஃபிடிலுக்குச் செய்ததை மல்லாய் ஆல்பங்கள் புல்லாங்குழலுக்குச் செய்தன என்றுகூடச் சொல்லலாம். ஆளாளுக்கு மல்லாய் மாதிரி ஊத ஆரம்பித்தார்கள்.

அந்த அலைக்கு எதிராகத் திரும்பிப் பார்த்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் வளர்ந்த கேத்தரின் மெக்எவாய் 1996-ல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பிலேயே ஸ்லைகோ-ராஸ்காமன் பாணி என்று அறிவித்துவிட்டுத்தான் ஊதினார். பெல்ஃபாஸ்ட்டின் ஹாரி பிராட்லி பழைய 78 தட்டுகளில் மூழ்கி எழுந்தவர். 2000-த்தில் வந்த அவரது முதல் தனி ஆல்பத்தைக் கேட்டால், மெக்கென்னா தலைமுறையின் முரட்டுக் காற்று 21-ம் நூற்றாண்டுக்குள் வீசுவது போலிருக்கும். இவர்கள் இருவரும் லீட்ரிமில் பிறந்தவர்கள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாணி என்பது முன்பு பிறந்த ஊரைப் பொறுத்தது. இப்போது அது தேர்ந்தெடுத்துக்கொள்வது.

பெயரில் என்ன இருக்கிறது?

டார்மன் பக்கம் மெக்கென்னாவுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர் பெயரில் ஒரு சங்கம் இயங்குகிறது. அவரது பதிவுகளைத் தேடித் திரட்டி, இரண்டு சிடி தொகுப்பாக வெளியிட்டது அந்தச் சங்கம்தான். ட்ரம்கீரன் வட்டாரத்தில் ஆண்டுதோறும் விழாவும் நடக்கிறது. பகலில் வகுப்பு, இரவில் பப்பில் செஷன். செஷன் என்றால் மேடை, மைக், மாலை மரியாதை எதுவும் கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள், தெரிந்தவர் சேர்ந்துகொள்வார்.

ஆனால் சிலையைவிட நீடித்த ஒரு வழக்கம் ஐரிஷ் இசையில் இருக்கிறது. மெட்டுகளுக்குப் பெயர் வைக்கும் விதம். ஒரு மெட்டை யாரிடமிருந்து கற்றார்களோ, அல்லது யார் வாசித்துப் பிரபலமானதோ, அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொள்ளும். அவர் இயற்றியிருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. 'கோல்மன்ஸ்', 'மெக்கென்னாஸ்' என்று எத்தனையோ மெட்டுகள் இப்படித்தான் அழைக்கப்படுகின்றன. ஒரே மெட்டுக்கு நாலு ஊரில் நாலு பெயர் என்பதும் சகஜம். 1903-ல் 1,850 மெட்டுகளைத் தொகுத்துப் புத்தகமாக்கிய ஃபிரான்சிஸ் ஓ'நீல் இந்தப் பெயர்க் குழப்பத்தில் நிறையவே தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். அவர் சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக இருந்தவர், அவரும் புல்லாங்குழல்காரர்தான்.

இப்போது கற்றுக்கொள்ள வருபவருக்கு ஊசியைத் தூக்கித் தூக்கி வைக்கும் வேலை இல்லை. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாகக் குறைக்கும் செயலி ஃபோனிலேயே இருக்கிறது. டப்ளினில் 1987-ல் தொடங்கப்பட்ட ஐரிஷ் பாரம்பரிய இசை ஆவணக் காப்பகத்தில் பழைய தட்டுகள் பாதுகாக்கப்படுகின்றன, இணையத்திலும் நிறையக் கேட்கலாம். மெதுவாக ஓட்டிக் கேட்டால், அந்த இரைச்சலுக்கு நடுவே எந்த ஸ்வரம் விடுபட்டது என்பது தெளிவாகப் பிடிபடும். முதல் சுற்றில் ஒரு இடம், இரண்டாவது சுற்றில் வேறு இடம். சில மாணவர்கள் அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டு செஷனுக்குப் போவார்கள். அங்கே ஃபிடிலும் அக்கார்டியனும் மூச்சே வாங்காமல் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது சுற்றில் தம் தீர்ந்துபோய், குறித்து வைக்காத ஏதோ ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு, நாலாவது சுற்றுக்குத் தயாராவார்கள்.